ஷெர்ரி ரெஹ்மான்: தொகுதியே இல்லாமல் இருபதாண்டுக்கும் மேலான அரசியல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷெர்ரி ரெஹ்மான் யார்?

பாகிஸ்தான் மக்கள் கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவர். இயற்பெயர் ஷெஹர்பானோ ரெஹ்மான். 1960 டிசம்பர் 21 அன்று கராச்சியில் பிறந்தார். அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியிலும் பிரிட்டனின் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்திலும் படித்தார். கராச்சியிலிருந்து வெளிவந்த ‘ஹெரால்ட்’ மாத இதழுக்குப் பத்தாண்டு ஆசிரியராக இருந்துவிட்டு அரசியலுக்கு வந்தவர்.

2002-இல் தேசிய சட்டமன்ற (நாடாளுமன்றக் கீழவை) உறுப்பினர். 2008-இல் மீண்டும் உறுப்பினர், கூடவே தகவல் துறை அமைச்சர். 2011 முதல் 2013 வரை வாஷிங்டனில் தூதர். 2015 முதல் செனட் என்னும் மேலவையின் உறுப்பினர். 2018-இல் செனட்டின் எதிர்க்கட்சித் தலைவர். 2022–23-இல் காலநிலை மாற்றத் துறை அமைச்சர். இந்தப் பதவிகளில் ஒன்றுக்குக்கூட ஒரு தொகுதி மக்கள் வாக்குச்சாவடிக்குப் போய் அவர் பெயருக்கு முத்திரை குத்தவில்லை. அவருடைய பலமும் பலவீனமும் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன. அதனால் கீழே உள்ள பதில்களில் பாதி அவரைப் பற்றியது என்றால், மீதி, தொகுதியின்றி அவரை உள்ளே கொண்டுவந்த பெண்கள் ஒதுக்கீடு, செனட் தேர்தல் ஆகிய ஏற்பாடுகளைப் பற்றியது.

பெண்களுக்கான ஒதுக்கீட்டு இடம் என்றால், பெண்கள் மட்டும் போட்டியிடும் தொகுதியா?

இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். அந்த இடங்களுக்குத் தொகுதி, பிரசாரம், வாக்குச்சீட்டு எதுவும் கிடையாது. கட்சி தரும் பட்டியல் மட்டுமே உண்டு.

ராணுவ ஆட்சியாளர் முஷாரப் காலத்தில், 2002 தேர்தலுக்கு முன், தேசிய சட்டமன்றம் 342 இடங்களாக விரிந்தது: 272 பொது, 60 பெண்கள், 10 சிறுபான்மையினர். பழங்குடிப் பகுதிகளை கைபர் பக்தூன்க்வாவோடு இணைத்த 2018 திருத்தத்துக்குப் பிறகு மொத்தம் 336 ஆயிற்று. பொது இடங்கள் 266 ஆகக் குறைந்தன. பெண்களின் 60 அப்படியே நின்றது. அந்த 60-இன் மாகாணப் பங்கு இப்போது இப்படி: பஞ்சாப் 32, சிந்து 14, கைபர் பக்தூன்க்வா 10, பலூசிஸ்தான் 4.

வேட்புமனுத் தாக்கலுக்கான கெடு முடிவதற்குள் ஒவ்வொரு கட்சியும் மாகாணவாரியாகப் பெண்கள் பட்டியலை முன்னுரிமை வரிசைப்படி தேர்தல் ஆணையத்திடம் கொடுத்துவிட வேண்டும். கெடு முடிந்தபின் வரிசையை மாற்றவோ பெயரைச் சேர்க்கவோ முடியாது. பட்டியலில் உள்ளவர்களுக்கும் வேட்புமனு, பரிசீலனை எல்லாம் உண்டு. பொது இடங்களின் முடிவு அரசிதழில் வெளியானதும் சுயேச்சைகளுக்கு 3 நாள் அவகாசம். அதற்குள் அவர்கள் ஒரு கட்சியில் சேர்ந்தால், அந்த எண்ணிக்கையும் கட்சிக் கணக்கில் ஏறும். அதன்பிறகே பங்கீடு.

சிந்துவில் பொது இடம் 61, பெண்கள் இடம் 14. அதாவது ஏறக்குறைய 4.36 பொது இடத்துக்கு ஒரு பெண் உறுப்பினர். ஒரு கட்சி 30 பொது இடங்களை வென்றால் கணக்குப்படி 6.88 வரும். ஆறு இடம் உறுதி. ஏழாவது கிடைக்குமா என்பது மற்றக் கட்சிகளின் பின்னங்களைப் பொறுத்தது, பெரிய பின்னத்துக்கே மிச்ச இடம். ஆகவே பட்டியலில் மூன்றாவதாக இருப்பவர் நிம்மதியாகத் தூங்கலாம். ஏழாவதாக இருப்பவர் வாக்கு எண்ணிக்கை முடியும்வரை விழித்திருக்க வேண்டும். வரிசையை முடிவு செய்வது கட்சித் தலைமை.

இதற்கு முன் இந்த ஒதுக்கீடு இல்லையா?

இருந்தது, ஆனால் விட்டு விட்டு. 1973 அரசியலமைப்பு 10 இடங்களைக் காலவரம்போடு கொடுத்தது. 1985-இல் அது 20 ஆனது. 1988 தேர்தலோடு ஏற்பாடு காலாவதியாயிற்று. 1990, 1993, 1997 தேர்தல்களில் பெண்களுக்கென ஓர் இடமும் இல்லை. ஷெர்ரி நுழைந்த 2002-இல் ஒரே தாவலில் 60. ராணுவ ஆட்சியாளர் திறந்த கதவு வழியாக அவரைக் கடுமையாக எதிர்த்த கட்சியின் பெண்கள் பலர் உள்ளே வந்தார்கள் என்பது பாகிஸ்தான் அரசியலுக்கே உரிய முரண்.

ஒரு பத்திரிகை ஆசிரியருக்குக் கட்சிப் பட்டியலில் எப்படி இடம் கிடைத்தது?

2002-இல் கட்சித் தலைவரும் முன்னாள் பிரதமருமான பெனசீர் பூட்டோ வெளிநாட்டில் இருந்தார். தண்டனை பெற்றவர் தலைமையில் ஒரு கட்சி போட்டியிட முடியாது என்று விதி வந்ததால், ‘பார்லிமென்டேரியன்ஸ்’ என்ற பின்னொட்டோடு தனிக் கட்சி பதிவு செய்து மக்கள் கட்சி களமிறங்கியது. வேட்பாளர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அந்தத் தேர்தலில் இருந்தது (2008 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது). படித்த, ஊடகம் தெரிந்த, வெளிநாட்டு நிருபர்களிடம் சரளமாகப் பேசக்கூடிய ஆட்கள் கட்சிக்குத் தேவைப்பட்ட நேரம் அது.

பெனசீருடனான நெருக்கம் கடைசிவரை தொடர்ந்தது. 2007 டிசம்பர் 27 அன்று ராவல்பிண்டியில் தாக்குதல் நடந்தபின் பெனசீரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது ஷெர்ரியின் காரில்தான். வண்டியின் கூரைத் திறப்பில் தலை மோதியதால்தான் மரணம் என்று அரசு சொன்னபோது, துப்பாக்கிக் குண்டுக் காயத்தைத் தாம் பார்த்ததாக அவர் வெளிப்படையாக மறுத்தார்.

எதிர்க்கட்சி உறுப்பினராக 2002–2007-இல் என்ன செய்தார்?

தனிநபர் மசோதாக்கள். ஹுதூத் அவசரச் சட்டங்களை (மார்க்க அடிப்படையிலான குற்றத் தண்டனைச் சட்டங்கள்) நீக்குவது, கௌரவக் கொலைக்கு எதிரானது, குடும்ப வன்முறைத் தடுப்பு, தகவல் உரிமை என்று அந்தப் பட்டியல் நீளும். எதிர்க்கட்சியின் தனிநபர் மசோதா அப்படியே சட்டமாவது அங்கே அரிது. அரசைத் தன் சொந்த மசோதாவைக் கொண்டுவர நெருக்குவதே அதன் உண்மையான பயன்.

1979-இன் ஹுதூத் சட்டப்படி, பாலியல் வன்கொடுமைக்கு உச்ச தண்டனை கிடைக்க நான்கு முஸ்லிம் ஆண்கள் நேரடி சாட்சி சொல்ல வேண்டும். நிரூபிக்க முடியாமல் போன பெண்மீதே ‘விபசாரம்’ என்று வழக்குத் திரும்பிய சம்பவங்கள் உண்டு. 2006 நவம்பரில் அரசு கொண்டுவந்த பெண்கள் பாதுகாப்புச் சட்டம் அந்தக் குற்றத்தை ஹுதூதிலிருந்து எடுத்துத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றியது. மக்கள் கட்சி எதிர்க்கட்சியாக இருந்தும் ஆதரித்து வாக்களித்தது. முழுமையான நீக்கம் கேட்டவர்களுக்குக் கிடைத்தது பாதி.

கௌரவக் கொலையில் இன்னும் மோசம். 2004-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில், கொலையுண்டவரின் வாரிசுகள் மன்னித்தால் கொலையாளி தப்பலாம் என்ற ஓட்டை மிஞ்சியது. கொன்றவரும் மன்னிப்பவரும் ஒரே வீட்டில் இருக்கும் குற்றம் இது என்பதால், அந்த ஓட்டைக்குள் சட்டமே காணாமல் போயிற்று. குடும்பம் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை என்ற திருத்தம் வர 2016 அக்டோபர் கூட்டுக் கூட்டம் வரை பன்னிரண்டு ஆண்டு ஆனது.

அமைச்சராகி ஓராண்டுக்குள் ஏன் விலகினார்?

2008 மார்ச் 31-இல் பதவியேற்றார். முஷாரப் காலத்தில் பதவி பறிக்கப்பட்ட தலைமை நீதிபதி இப்திகார் சவுத்ரியைத் திரும்பக் கொண்டுவரக் கோரி 2009 மார்ச்சில் வழக்கறிஞர்களின் நெடும்பயணம் நடந்தது. அப்போது நாட்டின் பல பகுதிகளில் ஜியோ தொலைக்காட்சியின் கேபிள் ஒளிபரப்பு துண்டிக்கப்பட்டது. ஊடகத்துக்குப் பொறுப்பான அமைச்சர், முன்னாள் ஆசிரியர். அவரைத் தாண்டி மேலிடத்தில் எடுக்கப்பட்ட முடிவு. விலகினார். அடுத்த சில நாள்களில், மார்ச் 16 அன்று, நீதிபதியைத் திரும்ப அமர்த்துவதாக அரசு அறிவித்துவிட்டது.

கட்சியை விட்டு அவர் போகவில்லை, உறுப்பினர் பதவியையும் விடவில்லை. தலைமையோடு மோதலாம், ஆனால் அமைச்சர் நாற்காலியை மட்டும் பணயம் வைத்து. அவருடைய எல்லா முரண்பாடுகளும் இந்த எல்லைக்குள்தான் நடந்தன.

மும்பைத் தாக்குதல் விவகாரத்தில் அவர் பெயர் அடிபட்டதே?

ஆம். 2009 ஜனவரி 7 அன்று, உயிரோடு பிடிபட்ட கசாப் பாகிஸ்தான் குடிமகன்தான் என்பதைத் தகவல் அமைச்சராக உறுதிப்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். அதையே ஊடகத்திடம் சொன்ன தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மஹ்மூத் அலி துரானியை அன்றே பிரதமர் கிலானி பதவிநீக்கினார். ஷெர்ரியின் பதவி தப்பியது.

மத நிந்தனைச் சட்டத் திருத்த மசோதாவில் என்ன இருந்தது?

தண்டனைச் சட்டத்தின் 295-சி பிரிவு 1986-இல், ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில் சேர்க்கப்பட்டது. நபியை இழிவுபடுத்துவதற்கு மரணம் அல்லது ஆயுள் என்று முதலில் இருந்தது. 1990-இல் கூட்டாட்சி ஷரியத் நீதிமன்றம் ஆயுள் என்ற மாற்று வழி இஸ்லாத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்ததால் மரணம் மட்டுமே எஞ்சியது. 2010 நவம்பரில் ஆசியா பீபி என்ற கிறிஸ்தவ விவசாயக் கூலிப் பெண்ணுக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அந்த மாதமே ஷெர்ரி தனிநபர் மசோதாவை அளித்தார்.

சட்டத்தை ஒழிக்கும் மசோதா என்று எதிர்ப்பாளர்கள் பரப்பினார்கள். அது அப்படியில்லை. மரண தண்டனைக்குப் பதில் சிறைத் தண்டனை. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்தார் என்பதை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை. பொய்ப் புகார் கொடுப்பவருக்குத் தண்டனை. கீழ்நீதிமன்றங்கள் கும்பலின் நெருக்கடிக்கு ஆளாகும் என்பதால் விசாரணையை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றுவது. இவைதான் அதன் முக்கிய கூறுகள். அந்தச் சட்டத்தின் மூலப் பிரிவில் நோக்கம் பற்றிய சொல்லே கிடையாது; பழிவாங்கலுக்கும் நிலத் தகராறுக்கும் அது வசதியான கருவியானதற்கு அந்தக் குறை ஒரு பெரிய காரணம்.

அந்த மசோதா ஏன் தோற்றது?

தோற்கவில்லை, வாக்கெடுப்புக்கே வரவில்லை. தனிநபர் மசோதாவுக்கு எழுத்துமூல முன்னறிவிப்பு வேண்டும், நோக்க விளக்கவுரை இணைக்க வேண்டும். பிறகு தனிநபர் அலுவலுக்கான நாளில் (தேசிய சட்டமன்றத்தில் செவ்வாய்) நிகழ்ச்சிநிரலில் இடம்பிடித்து, அறிமுகம் செய்ய அவையின் அனுமதியைப் பெற வேண்டும். அதற்குப் பின்னரே நிலைக்குழு, விவாதம், வாக்கெடுப்பு, செனட். ஒவ்வொரு படியிலும் ஆளும் கட்சி கைகட்டி நின்றாலே போதும், மசோதா செத்துவிடும். எதிர்த்து வாக்களிக்கும் சங்கடம்கூட யாருக்கும் இல்லை.

2011 ஜனவரி 4 அன்று, ஆசியா பீபிக்காகக் குரல் கொடுத்த பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை அவருடைய பாதுகாவலரே இஸ்லாமாபாத்தில் சுட்டுக் கொன்றார். சட்டத் திருத்தத்துக்கு எதிராகக் கராச்சியில் பெரும் பேரணிகள் நடந்தன. ஷெர்ரியின் உருவப்பொம்மை எரிந்தது. நாட்டைவிட்டுப் போகச் சொன்னவர்கள் பலர். அவர் கராச்சி வீட்டுக்குள்ளேயே பாதுகாப்போடு இருந்தார், வெளியேறவில்லை. சட்டத்தைத் திருத்தும் எண்ணமே அரசுக்கு இல்லை என்று பிரதமர் கிலானி அறிவித்தார். கட்சி முடிவை ஏற்பதாக பிப்ரவரியில் ஷெர்ரி சொன்னார். மார்ச் 2 அன்று சிறுபான்மையினர் துறை அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் கொல்லப்பட்டார்.

‘பின்வாங்கிவிட்டார்’ என்று அவரைக் குறைசொல்பவர்கள் உண்டு. அது பாதி நியாயம்தான். சொந்தத் தொகுதியில் லட்சம் வாக்கு வைத்திருப்பவர்கூட அந்தக் குளிர்காலத்தில் வாய் திறக்கவில்லை. கட்சி கைவிட்டபின் ஒதுக்கீட்டு உறுப்பினர் ஒருவர் தனியாக மசோதாவைச் சுமந்திருக்க முடியாது. ஆனாலும் விளைவு விளைவுதான்: அதன்பின் அந்தப் பிரிவைத் தொட எந்தப் பெரிய கட்சியும் துணியவில்லை. 2010-இல் தொலைக்காட்சியில் பேசிய பேச்சுக்காக அவர்மீதே மத நிந்தனைப் புகார் எழுந்து, 2013-இல் முல்தான் போலீசார் விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை போனது. ஆசியா பீபியை 2018 அக்டோபர் 31 அன்று அதே உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

வாஷிங்டன் தூதர் பதவி பரிசா, நாடுகடத்தலா?

இரண்டு கோணத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. ராணுவத்தைக் கட்டுப்படுத்த அமெரிக்க உதவி கோரியதாகச் சொல்லப்பட்ட ரகசியக் குறிப்பு விவகாரத்தில் தூதர் ஹுசைன் ஹக்கானி விலகியதும், 2011 நவம்பரில் ஷெர்ரி நியமிக்கப்பட்டார். சில நாள்களிலேயே, நவம்பர் 26 அன்று, ஆப்கானிஸ்தான் எல்லையில் உள்ள சலாலா சாவடியில் நேட்டோ தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்தார்கள். ஆப்கானிஸ்தானுக்கான நேட்டோ சரக்குப் பாதை மூடப்பட்டது. 2012 ஜூலையில் ஹிலாரி கிளிண்டன் வருத்தம் தெரிவித்த பிறகே திறந்தது. அந்த ஏழு மாதமும் மன்னிப்புக்கும் வருத்தத்துக்கும் இடைப்பட்ட வாசகத்தைத் தேடும் வேலை அவருடையது. 2013 மே தேர்தலில் கட்சி தோற்றதும் விலகினார்.

செனட்டுக்கு எப்படித் தேர்வானார்? அதுவும் பெண்கள் ஒதுக்கீடா?

இல்லை, 2021-இல் அவர் வென்றது சிந்துவின் பொது இடம். செனட்டில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் 14 பொது, 4 பெண்கள், 4 தொழில்நுட்ப வல்லுநர் அல்லது மார்க்க அறிஞர், 1 சிறுபான்மையினர் இடங்கள். ஆறாண்டுப் பதவி, மூன்றாண்டுக்கு ஒருமுறை பாதிப்பேருக்குத் தேர்தல். வாக்களிப்பவர்கள் மாகாண சட்டமன்ற உறுப்பினர்கள். வாக்கு ரகசியமானது, மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறை: வாக்காளர் வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறிப்பார், முதல் விருப்பத்துக்குத் தேவைப்படாத வாக்கு அடுத்தவருக்குப் போகும்.

சிந்து சட்டமன்றத்தில் 168 பேர். 7 பொது இடங்களுக்குத் தேர்தல் என்றால் 168-ஐ 8-ஆல் வகுக்க 21. அதற்குச் சற்று மேல் கிடைத்தால் வெற்றி உறுதி. 2021 மார்ச்சில் மக்கள் கட்சிக்குச் சுமார் நூறு உறுப்பினர்கள், நேர்க்கணக்கில் நான்கு இடமும் கொஞ்சம் மிச்சமும். கட்சி வென்றது ஐந்து. இந்த இடைவெளியை நிரப்பும் கலைக்குத்தான் செனட் தேர்தல் பேர்போனது: விருப்ப வரிசையைச் சரியாகப் பகிர்ந்து, ஒரு வேட்பாளரிடம் வாக்கு வீணாகக் குவியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிர்முகாமிலிருந்து எப்படி வாக்கு வந்தது என்ற சர்ச்சை ஒவ்வொரு முறையும் எழும்; ரகசிய வாக்கு என்பதால் நிரூபிக்க முடியாது.

எதிர்க்கட்சித் தலைவர் பதவி ஏன் ஐந்து மாதம்தான் நீடித்தது?

செனட்டில் எதிர்வரிசை உறுப்பினர்களில் பெரும்பான்மையினரின் ஆதரவு பெற்றவருக்கு அந்தப் பதவி. 2018 மார்ச்சில் முஸ்லிம் லீக் (நவாஸ்) ஆளும் கட்சி. எதிரணியில் மக்கள் கட்சி பெரியது. ஜூலைத் தேர்தலில் இம்ரான் கான் வென்றதும் நவாஸ் கட்சி எதிர்வரிசைக்கு வந்தது, அதற்கு எண்ணிக்கை கூடுதல். ஆகஸ்டில் பதவி ராஜா ஜபருல் ஹக்குக்குப் போயிற்று.

காலநிலை அமைச்சராக அவரால் எதைச் செய்ய முடிந்தது?

பணம் கேட்க முடிந்தது. அணை, கால்வாய், கரை எதையும் தொட முடியாது. 2010-இன் 18-ஆவது திருத்தம் சுற்றுச்சூழலை மாகாணங்களிடம் கொடுத்துவிட்டது, பாசனமும் அவர்களுடையது. மத்தியில் எஞ்சிய சிறு அமைச்சகத்தின் முதன்மை வேலை சர்வதேசப் பேச்சுவார்த்தை.

அவர் வந்த சில மாதத்தில் 2022 பெருவெள்ளம்: 3.3 கோடிப் பேர் பாதிப்பு, 1,700-க்கும் மேல் உயிரிழப்பு, சேதமும் பொருளாதார இழப்பும் சேர்ந்து சுமார் 3,000 கோடி டாலர். வளரும் நாடுகளின் ஜி-77 குழுவுக்கு அந்த ஆண்டு பாகிஸ்தான் தலைமை வகித்தது நல்வாய்ப்பு. நவம்பரில் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில், பணக்கார நாடுகள் முப்பதாண்டாகத் தட்டிக்கழித்த இழப்பு-சேத நிதிக்கு ஒப்புதல் கிடைத்தது. நிதியை அமைக்கத்தான் ஒப்புதல்; யார் எவ்வளவு போட வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. 2023 ஜனவரி ஜெனீவா மாநாட்டில் பாகிஸ்தானுக்கு 900 கோடி டாலருக்கு மேல் வாக்குறுதி கிடைத்தது. அதில் பெரும்பகுதி கடன் என்பதைச் செய்தித் தலைப்புகள் சொல்லவில்லை.

ஒதுக்கீட்டு உறுப்பினருக்கு அதிகாரம் குறைவா?

அவையில் வாக்கு, கேள்வி, மசோதா எல்லாம் சமம். வேறுபாடு வெளியே. தொகுதி இல்லாததால் வளர்ச்சி நிதியில் கேட்கும் உரிமை மெலிது. ஊரில் அலுவலகம் திறந்தால் நேரடியாக வென்றவர் முகம் சுளிப்பார். கட்சி மாறினாலோ, நம்பிக்கை வாக்கு, நிதி மசோதா, அரசியலமைப்புத் திருத்தம் போன்றவற்றில் கட்சிக்கு எதிராக வாக்களித்தாலோ 63-ஏ பிரிவின்படி பதவி போகும். தொகுதி உறுப்பினர் இடைத்தேர்தலில் நின்று திரும்ப வரலாம். ஒதுக்கீட்டு இடம் காலியானால் தேர்தலே இல்லை, பட்டியலில் அடுத்த பெயர் உள்ளே வந்துவிடும்.

ஏற்பாடே சிக்கிக்கொள்வதும் உண்டு. 2024-இல் இம்ரான் கான் கட்சியின் ஆதரவோடு வென்ற சுயேச்சைகள் சேர்ந்த சுன்னி இத்தேஹாத் கவுன்சில், ஒதுக்கீட்டுப் பட்டியலே கொடுத்திருக்கவில்லை. ஆணையம் இடங்களை மறுத்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவற்றை இம்ரான் கட்சிக்குத் தர உத்தரவிட்டது. 2025 ஜூனில் மறுஆய்வில் அதுவும் புரண்டது. அவ்வளவு காலமும் பல பெண்கள் உறுப்பினரா இல்லையா என்று தெரியாமலே இருந்தார்கள்.

அவரைப் பற்றி எழுதுபவர்கள் அடிக்கடி செய்யும் பிழைகள்?

முதல் பெண் சபாநாயகர் இவரல்ல. அது பாதின் தொகுதியில் நேரடியாக வென்ற டாக்டர் பெஹ்மிதா மிர்சா (2008–2013). அமெரிக்காவுக்கான முதல் பெண் தூதரும் அல்ல. அபிதா ஹுசைன், மலீஹா லோதி முன்பே இருந்தார்கள். ‘முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவர்’ என்றால் ‘செனட்டில்’ என்று சேர்க்க வேண்டும்: தேசிய சட்டமன்றத்தில் பெனசீர் அந்தப் பதவியில் இருந்தவர். முதல் பெண் வெளியுறவு அமைச்சர் ஹினா ரப்பானி கர்.

அடுத்தது என்ன?

செனட்டில் தற்போதைய பதவிக்காலம் 2021 மார்ச்சில் தொடங்கியது, 2027 மார்ச்சில் முடிகிறது. 2024-இல் தேர்வான சிந்து சட்டமன்றத்தில் மக்கள் கட்சிக்குத் தெளிவான பெரும்பான்மை உண்டு. கட்சி வேட்பாளர் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் 22 வாக்கு தேடுவது அவருக்குச் சிரமமில்லை. பெயரைச் சேர்ப்பது கட்சித் தலைமையான பிலாவல் பூட்டோவும் அவருடைய தந்தை ஆசிப் அலி ஜர்தாரியும் எடுக்கவேண்டிய முடிவு.